தம்பியின் தனி முத்திரை

என்னங்க,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். குளிர் பரவாயில்லை. தம்பியின் கச்சேரி நேற்று நடந்தது. முன்வரிசையில்தான் உட்காரவைத்தான், குறை சொல்வதற்கில்லை.

என் மோதிர விரல் சரியாக மடங்காது என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் வயலினில் ஒரு சுரத்தை மட்டும் நேராகத் தொட வராமல், கீழிருந்து இழுத்துக்கொண்டு போவேன். சின்ன வயதில் நான் சொல்லிக்கொடுத்தபோது அந்த இழுப்பையும் சேர்த்தே பிடித்துக்கொண்டான். நேற்று அவன் அப்படி இழுத்ததும் அரங்கமே கைதட்டியது. அது அவனுடைய தனி முத்திரையாம். பக்கத்து இருக்கைக்காரர் எனக்கு விளக்கினார். நானும் தலையாட்டி வைத்தேன்.

முடிந்ததும் ஒரு பத்திரிகைக்காரர், "இந்த இழுப்பை யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டார்.

"அது தானா வந்ததுங்க" என்றான். பிறகுதான் என்னைப் பார்த்தான். "இவங்க எங்க அக்கா. சங்கீதமெல்லாம் அவ்வளவா தெரியாது, பாவம். எனக்காக இவ்ளோ தூரம் வந்திருக்காங்க."

நான் கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

காற்றில் கதவு சாத்திக்கொண்டுதான் விரல் நசுங்கியது என்று உங்களிடமும் சொல்லியிருக்கிறேன். அன்று காற்றே அடிக்கவில்லை. வீட்டில் நானும் அவனும்தான் இருந்தோம்.

உங்கள் வீட்டுக்காரி