ஒரு சஹன், இரண்டு நெஞ்சு

கிண்ணியா
12.03.1979

அன்புள்ள மகன் ஸைனுலாப்தீனுக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு நானும் வாப்பாவும் வெள்ளாடும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம், குவைத்தில் நீங்களும் அப்படியே இருக்க ஐந்து நேரமும் துஆ கேட்கிறேன். நான் மௌத்தாகி அடக்கமும் முடிந்துவிட்டது என்று ஊரிலிருந்து யாராவது எழுதியிருந்தால் நம்ப வேண்டாம், அது பக்கத்து வீட்டு றுக்கியா மாமி கிளப்பிவிட்ட கதை. உண்மையில் கொஞ்சம்தான் மௌத்தானேன்.

நடந்ததைச் சொல்கிறேன், பதறாமல் வாசியுங்கள். வாப்பாவுக்கு நெஞ்சுத் துடிப்பு தாளம் தப்பி அடிக்கிறது என்று டொக்டர் குளிசை கொடுத்தது உங்களுக்குத் தெரியும். அதைக் குடித்ததும் மனிதர் இளந்தாரிப் பெடியன் மாதிரி ஆகிவிட்டார். அந்த நேரம் பார்த்து எனக்கும் நெஞ்சு படபடவென்று அடித்தது. டொக்டரிடம் போவோம் என்றேன். வாப்பாவோ எதற்கு டொக்டர், கலியாண வீட்டில் ஒரு சஹனைச் சுற்றியிருந்து ஆறு பேர் கை போட்டுச் சாப்பிடுகிறோம், ஒருவருக்குப் பிடித்த சோறு மற்றவருக்குப் பிடிக்காமல் போகுதா, நெஞ்சும் ஒன்றுதான் குளிசையும் ஒன்றுதான் என்று சொல்லி, தினமும் இராச்சோற்றுக்குப் பிறகு தன் போத்தலில் இருந்து எனக்கும் தந்தார். உங்கள் வாப்பா தன் கையால் எனக்கு ஒன்று எடுத்துத் தருவது எவ்வளவு அபூர்வம் என்று உங்களுக்குத் தெரியும்தானே, அந்த ஆசையில் விழுங்கிவிட்டேன்.

பிறகு றுக்கியா மாமியின் மகள் கலியாணத்துக்கு டவுனுக்குப் போனோம். லொறியையும் சனத்தையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு பாதைப் படகு நடுத் தண்ணீரில் மிதந்து போகையில் எனக்குக் கண் இருட்டியது, அவ்வளவுதான் தெரியும். றுக்கியா மாமி என் மூக்கில் வெங்காயத்தை நசுக்கி, கையோடு ஒப்பாரியும் தொடங்கியிருக்கிறா. வாப்பா வாளி நிறைய உப்புத் தண்ணீர் அள்ளி நீங்கள் அனுப்பிய பட்டுச் சாரியின் மேல் ஊற்றியிருக்கிறார். சாரி போய்விட்டது மகன், நான் பிழைத்தேன்.

ஆஸ்பத்திரியில் கையிலும் காலிலும் நெஞ்சிலும் வயர் பூட்டி ஒரு பெட்டியைத் திருகினார்கள். கரண்ட் அடித்துக் கொல்லப் போகிறார்கள் என்று நான் கலிமாச் சொன்னேன். பெட்டி நீளமாய்க் கடதாசி கக்கியது, முழுக்கக் கோணல் தையல். டொக்டர் யோகலிங்கம் அதைப் பார்த்துவிட்டு என்ன மருந்து குடித்தீர்கள் என்று கேட்டார். வாப்பா முகட்டைப் பார்த்தார். அப்போதுதான் அவருடைய சாறன் மடியிலிருந்து குளிசைப் போத்தல் நழுவி உருண்டு டொக்டரின் சப்பாத்தடியில் போய் நின்றது.

டொக்டர் வாப்பாவுக்கும் அதே வயரைப் பூட்டி, எங்கள் இரண்டு பேரின் கடதாசியையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். ஒரு துடிப்பு முடிந்து அடுத்ததுக்கு நெஞ்சு ஆறித் தயாராகப் பெண்களுக்குக் கொஞ்சம் கூட நேரம் எடுக்குமாம். சிறுபிள்ளைகளில் ஆணும் பெண்ணும் ஒன்றுதானாம், மீசை அரும்பும் காலத்தில்தான் ஆண்களுக்கு அந்த நேரம் குறையுமாம். ஆண்களுக்கு எதிலும் பொறுமை இல்லாததன் காரணம் எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. இந்தக் குளிசை அந்த நேரத்தை இன்னும் இழுத்து நீட்டுமாம், அதனால் பெண்களுக்கு ஆபத்துக் கூட. வயது போனால் மருந்து உடம்பைவிட்டு மெல்லத்தான் கழியுமாம், ஆகவே வாப்பாவின் அளவையும் குறைத்துவிட்டார். தன்னைக் கிழவன் என்றுவிட்டார் என்று வாப்பாவுக்குச் சரியான கோபம். ஆனால் வெளியே வந்ததும் சுவரைப் பார்த்து நின்று அழுதார். உன்னைக் கொல்லப் பார்த்தேனே மைமூனா என்றார். அவர் அழுது நான் கண்டது அதுதான் முதல் தரம், எனக்கும் தாங்க ஏலாமல் போய்விட்டது.

நீங்கள் அங்கே ஒரே அறையில் எல்லோரும் ஒன்றாய் இருக்கிறீர்கள். சோற்றைப் பகிருங்கள், சவர்க்காரத்தையும் பகிருங்கள், ஒருவன் குளிசையை மற்றவன் வாயில் போடாதீர்கள்.

இப்போது விடியச் சுபஹு தொழுததும், டொக்டர் சொன்னபடி வாப்பா என்னைக் கதிரையில் இருத்தி, நீங்கள் அனுப்பிய மணிக்கூட்டைப் பார்த்தபடி என் மணிக்கட்டைப் பிடித்துத் துடிப்பு எண்ணுகிறார். பாதியில் கணக்குத் தப்பிவிடும், திரும்ப முதலில் இருந்து. நெஞ்சு சரியாகிவிட்டது, இனி எண்ணத் தேவையில்லை என்று டொக்டர் போன கிழமையே என்னிடம் சொல்லிவிட்டார். வாப்பா அப்போது வெற்றிலை வாங்கப் போயிருந்தார், நானும் வந்து சொல்லவில்லை. கலியாணம் முடித்த காலத்தில் இருந்து என் கையை இவ்வளவு நேரம் பிடித்திருந்த மனிதர் இல்லை அவர்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள், வெயிலில் தலையை மூடுங்கள். அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளையும் ஹலாலான சம்பாத்தியத்தையும் தருவானாக. இன்னொன்று, வாப்பாவின் கண்ணாடியை ஆடு மிதித்து உடைத்துப் பத்து நாளுக்கு மேலாகிறது. புதுக் கண்ணாடி கேட்டு எழுதுவார், அவசரப்பட்டு அனுப்பிவிடாதீர்கள். அது இல்லாமல் மணிக்கூட்டின் முள் அவருக்குத் தெரியாது. ஆனாலும் ஒவ்வொரு நாளும் எண்ணுகிறார்.

இப்படிக்கு,
உங்கள் உம்மா மைமூனா