நீ படிக்காமல் கையெழுத்துப் போட்ட காகிதம்

என் வாயாடித் தங்கை சரசுவுக்கு,

"இப்ப நீ டீச்சரா பேசறியா, பெரியம்மாவா பேசறியா?" என்று திண்டிவனத்தில் எங்கள் பள்ளிக்கூட வராந்தாவில் நின்று என்னைக் கேட்டாய். சத்துணவு வந்த வருஷம் அது. உன் ஏழு வயது மகள் சுமதி தூணுக்குப் பக்கத்தில் முட்டி போட்டிருந்தாள். மணி அடித்துவிட்டது என்று சொல்லிவிட்டு என் ஐந்தாம் வகுப்புக்குள் போய்விட்டேன். மணி அடிக்கவில்லை, சரசு.

நீ கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகப்போகிறது. நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். இந்தக் கடிதத்தை நாலு பேர் படிக்கட்டும் என்றே எழுதுகிறேன். உனக்கு மட்டும் எழுதினால் மறுபடியும் மழுப்பிவிடுவேன்.

உனக்குத் தெரிந்த கதைதான். இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன். சுமதி எப்படிப்பட்ட பிள்ளை என்பதற்கு ஒரு உதாரணம். மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, வாங்கித் தந்தால் பொட்டலத்தைப் பிரித்து முதலில் காகிதத்தைப் படிப்பாள், அப்புறம்தான் தின்பாள். அப்போது அவளுக்கு நாலு வயது. இன்னொரு உதாரணம். பஸ்ஸில் போகும்போது மைல்கல்லைப் பார்த்து, "நம்பர் கொறஞ்சிக்கினே வருதே, சைபர் வந்தா பஸ் நின்னுடுமா?" என்று கண்டக்டரைக் கேட்டாள். அவர் சிரித்தார். பதில் வராததால் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அதுவும் சுமதிதான். ஒரு இடத்தில் உட்கார மாட்டாள். யாராவது தப்பாகச் சொன்னால் காதைப் பொத்திக்கொண்டு கத்துவாள்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்கிற பிள்ளை, சொல்லாத பிள்ளைகள் எல்லார் தலையிலும் கொட்ட வேண்டும். நானும் அப்படித்தான் வகுப்பு நடத்தினேன். பிரம்பைத் தொடாத நல்ல டீச்சர் என்று எனக்குப் பேர்.

இரண்டாம் வகுப்பில் எல்லாக் கேள்விக்கும் சுமதிக்கு மட்டும் பதில் தெரிந்தது. தினமும் நாற்பது தலை. ஒருத்திக்கு மெதுவாக, ஒருத்திக்குப் பலமாக என்று அவளுக்குக் கிடையாது. எல்லாருக்கும் ஒரே அளவு. சாயங்காலம் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் அந்த நாற்பது பேரும் அவளுக்காகக் காத்திருந்தார்கள். சடையைப் பிடித்து இழுத்தார்கள். பைக்குள் தண்ணீர் ஊற்றினார்கள். ஒருநாள் அவள் ஒரு பெண்ணின் கையைக் கடித்துவிட்டாள். அதற்கப்புறம் அவள் பேர் 'கடிக்கிற புள்ள'. ஏன் கடித்தாய் என்று யாரும் கேட்கவில்லை. குழாய் என் வகுப்பு ஜன்னலுக்கு நேர் எதிரே இருந்தது. நானும் கேட்கவில்லை.

அப்புறம் அந்தக் கணக்கு. அறுபத்து மூன்றில் இருபத்தெட்டு போனால் நாற்பத்தைந்து என்று அவள் டீச்சர் கரும்பலகையில் எழுதிவிட்டார். சுமதி எழுந்து முப்பத்தைந்து என்றாள். "உக்காருடி" என்று சொல்லிவிட்டு டீச்சர் நாற்காலிக்குப் போனார், நோட்டுத் திருத்தக் குனிந்தார். சுமதி பெஞ்சிலிருந்து இறங்கிப் போய் அவர் தலையில் ஒரு கொட்டு கொட்டிவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டாள். எல்லாருக்கும் கொட்டும் அதே அளவுதான்.

வகுப்பு சிரித்தது. அந்தச் சிரிப்பைத்தான் டீச்சரால் பொறுக்க முடியவில்லை. சுமதியை மேசைக்கு முன்னால் நிறுத்தி, பிள்ளைகளை வரிசையில் வரச்சொல்லி, ஆளுக்கு ஒன்று கொட்டச் சொன்னார். ஒவ்வொரு கொட்டுக்கும் இவள் வாய்விட்டு எண்ணினாள். கடைசிப் பெண் போனதும் தலையைத் தடவிக்கொண்டு, "முப்பத்தெட்டுதான் டீச்சர் ஆச்சு. ரெண்டு பேர் இன்னிக்கி லீவு" என்றாளாம். திமிர் என்று எடுத்துக்கொண்டார்கள். மறுநாளிலிருந்து வராந்தாவில் முட்டி.

நீ மூன்று நாள் தொடர்ந்து வந்தாய். நாங்கள் தலைமை ஆசிரியையைப் பெரிய டீச்சர் என்போம். அவர் உன்னை நிற்க வைத்தே பேசினார்.

"இன்னாம்மா, புள்ளய பெத்தியா, பேஜார பெத்தியா?"

"கணக்கு தப்பா இல்லியா, அத மட்டும் சொல்லுங்க டீச்சர்."

"அது வேற விஷயம்."

"தப்பு சொன்னா கொட்டுன்னு நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க? டீச்சருங்களுக்குத் தனி ரூலுன்னு செவுத்துல எழுதி வச்சிருந்தா எம் பொண்ணு படிச்சிருக்கும். அதுக்குப் படிக்கத் தெரியும்."

அன்றைக்குத்தான் வராந்தாவில் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டாய். உன்னோடு உள்ளே வந்து, அவள் செய்தது சரியான விடைக்கு எங்கள் வழக்கப்படி செய்தது என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இருபது வருஷ சர்வீஸ் எனக்கு. சொல்லவில்லை. அதற்குப் பதிலாக எனக்குத் தெரிந்த வழியில் போனேன். பெற்றோர் தரும் மன்னிப்புக் கடிதம் எவ்வளவு தாழ்ந்து போகிறதோ அவ்வளவு சீக்கிரம் பெரிய டீச்சர் இறங்கி வருவார் என்று இருபது வருஷமாகப் பார்த்திருக்கிறேன். அன்று சாயங்காலம் உன் பேரில் ஒரு கடிதம் எழுதினேன். நன்றாகவே எழுதினேன்.

காலையில் கேட் பக்கத்தில் நீட்டினேன். "இன்னாக்கா எழுதியிருக்கு?" என்று கேட்டாய். "வழக்கமா எழுதறதுதான். ஜல்தி போடு, பிரேயருக்கு நேரமாச்சு" என்றேன். கீழ் ஓரம் மட்டும் தெரிகிற மாதிரி மடித்துத்தான் பிடித்திருந்தேன். நீ ஐந்தாவது வரை படித்தவள். விரித்திருந்தால் படித்திருப்பாய். எனக்கு அது தெரியும்.

பெரிய டீச்சர் அறையில் உன்னையும் சுமதியையும் நிற்க வைத்து அதைச் சத்தமாகப் படித்தார். நானும் கதவோரம் நின்றேன். "என் மகள் வீட்டிலும் அடங்காதவள். பெற்ற எங்களாலேயே சகிக்க முடியவில்லை. புத்தி சுவாதீனத்தில் குறை இருக்குமோ என்று அஞ்சுகிறோம். கருணை காட்ட வேண்டும்." உன் முகத்தை நான் பார்க்கவில்லை. சுமதி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பெத்த தாயே எழுதிக் குடுத்துட்டாங்க. அப்புறம் நாங்க எப்படி வச்சிக்கறது?" என்று சொல்லி அந்தக் காகிதத்தையே காரணமாக வைத்து டி.சி. கிழித்துக் கொடுத்தார் பெரிய டீச்சர். நடத்தை என்ற இடத்தில் 'திருப்தி இல்லை'.

அந்த டி.சி.யைப் பார்த்து ஊரில் வேறு எந்தப் பள்ளியும் அவளைச் சேர்க்கவில்லை. உன் வீட்டுக்காரர் விழுப்புரத்தில் ஒரு ரைஸ் மில்லில் வேலை தேடிக்கொண்டார். அங்கே ஒரு பள்ளியில் அவளைத் திரும்பவும் ஒன்றாம் வகுப்பில் போட்டார்கள். பஸ் ஏறும்போது நீ என்னிடம் சொன்னாய்: "நீதான் எழுதினன்னு அதுகிட்ட சொல்லிடாதக்கா. ஸ்கூலு போச்சு. உன்னையாவது அது நம்பிக்கினு இருக்கட்டும், சொல்லித்தர ஆளு வேணுமே." எனக்கு அது வசதியாக இருந்தது. ஆறு வருஷம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து பாடம் சொல்லித் தந்தேன், நீ போட்ட சோற்றைத் தின்றேன். அவள் உன்னோடு பேசுவதில்லை என்பதைப் பார்த்துக்கொண்டே தின்றேன். கேட்டதற்கு உம், இல்லை. அவ்வளவுதானே உனக்குக் கிடைத்தது?

இப்போது அவள் எப்படி இருக்கிறாள் தெரியுமா? அமைதியான பெண் என்று பேர் வாங்கிவிட்டாள். வகுப்பில் கேள்வி கேட்டால் எழுந்து நின்று, தெரியாது என்கிறாள். பரீட்சையில் பாஸ் மார்க்குக்கு எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிடுகிறாள். நல்ல மாற்றம் என்று அந்த டீச்சர்கள் என்னிடம் பாராட்டினார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை அவளிடம் சொல்லிவிட்டேன். அந்தக் கடிதத்தை எழுதியது நான்தான் என்றேன்.

"தெரியும் பெரியம்மா. அன்னிக்கே மேசைமேல பாத்தேன், உங்க கையெழுத்து. அம்மா சொல்லச் சொல்ல எழுதினீங்க. அதான் உங்க மேல எனக்குக் கோவமே வரல."

"அம்மா சொல்லல. அம்மா அதைப் படிக்கவே இல்ல. நான் படிக்க விடல."

அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கை நின்றது. "அப்ப ஏன் அவங்க சொல்லல?" என்றாள். நீ பஸ்ஸில் ஏறும்போது சொன்னதைச் சொன்னேன். ஒரு வார்த்தையும் விடவில்லை.

"ஆஸ்பத்திரில என் பேரச் சொல்லிக் கூப்டாங்க, கடைசியா. நான் வெளிய பெஞ்சுல உக்காந்துக்கினு இருந்தேன். உள்ள போவல" என்றாள். அழவில்லை. முறத்தை எடுத்து மறுபடியும் பொறுக்க ஆரம்பித்தாள். பொறுக்கிக்கொண்டே, "நீங்க கிளம்புங்க. அஞ்சரை பஸ் போயிடும்" என்றாள். பஸ் ஸ்டாண்டு வரை எப்போதும் கூட வருவாள். அன்று வரவில்லை.

உன் மகள் உனக்குத் திரும்பக் கிடைத்தாள், சரசு. வாங்கிக்கொள்ள நீ இல்லாதபோது.

ஒன்று மட்டும் செய்வேன். அந்தக் காகிதம் என்னுடையது, தாய் அதைப் படிக்கவில்லை என்று திண்டிவனம் பள்ளிக்கு எழுதித் தரப்போகிறேன். இப்போதைய பள்ளிக்கும் எழுதுவேன், இவள் 'தெரியாது' என்று சொன்னால் நம்பாதீர்கள் என்று. சுமதி படித்து, வேண்டாத வரியை அடித்த பிறகுதான் இரண்டும் போகும். அவள் கதவைத் திறக்காவிட்டால் திறக்கிற ஞாயிறு வரைக்கும் போய் வாசலில் நிற்பேன்.

இதைப் படிக்கிற பெற்றோருக்கு: பள்ளிக்கூடத்தில் ஒரு தாளை நீட்டினால், பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, அதை முழுசாகச் சத்தம் போட்டுப் படித்துவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.

உன்னோடு பிறந்தவள்,
உன் மூத்த அக்கா