பாசி தின்னும் மீனுக்குப் பட்டினி

திருப்பூர்,
1972, மாசி.

அன்புள்ள மாமாவுக்கு,

தூத்துக்குடியிலிருந்து இன்னொரு கடல்மீன் அனுப்புவதாக எழுதியிருந்தீர்கள். இங்கே இருப்பதைப் போலவே வரிபோட்டது வேண்டாம். இது தொட்டிக் கண்ணாடியில் தன் உருவத்தைப் பார்த்தே முட்டுகிறது. கண்ணாடிப் பாசியை இது மேய்ந்துகொள்ளும். கல்லில் உள்ள பாசியை மேய்கிற வேறு ரகமாகப் பாருங்கள்.

நீங்கள் கோபித்துக்கொண்டு போனதிலிருந்து உங்கள் உப்புத்தண்ணீர்த் தொட்டியை என் அப்பாதான் கவனிக்கிறார். தினமும் பனியன் வேஸ்ட் துணியை வைத்துப் பாசியே இல்லாமல் துடைத்துவிடுவார். மீன் இளைத்துக்கொண்டே போனது.

"சீக்காட்டம் இருக்குது கண்ணு" என்று வருத்தப்பட்டார்.

"சீக்கில்லீங்கப்பா. அது திங்கறதையெல்லாம் நீங்களே தொடச்சுப்போட்டா, அதுக்கு இங்க என்னங்க வேலை?"

அப்பா கையிலிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டார். நம் பனியன் கம்பெனியிலும் கட்டிங் முதல் பேக்கிங் வரை உங்களுக்குக்கூட விடாமல் அவரே செய்வது உங்களுக்குத் தெரியாததா?

இப்போது தொட்டியில் பாசி பச்சைப்பசேல் என்றிருக்கிறது. மீனும் கொழுத்துவிட்டது. கட்டிங் மேசையில் துணி குவிந்து கிடக்கிறது, அப்பா யாரையும் தொட விடுவதில்லை. "அதை மாப்பிள்ளை வந்து வெட்டிக்குவாரு" என்கிறார்.

புது மீனை லாரியில் அனுப்ப வேண்டாம். நீங்களே கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி