சீமாட்டி என்ற குதிரையைப் பற்றிய என் புகாரைத் திரும்பப் பெறுதல்

அனுப்புநர்:
முன்னாள் குதிரையேற்றப் பயிற்சி லாய உரிமையாளர்,
தண்ணீர்த் தொட்டித் தெரு.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
கால்நடை நோய் ஆய்வு நிலையம்.

பொருள்: குதிரை நோய் ஆய்வாளர் மீது நான் கொடுத்த பொய்ப் புகாரை ரத்து செய்தல் – அவருடைய பதினொரு குறிப்பேடுகளை அழிக்காமல் காத்தல் – தொடர்பாக.

பார்வை: 11.08.2003 அன்று நான் அளித்த புகார் மனு.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பார்வையில் காணும் புகாரை எழுதியவன் நானே. ஆய்வாளர் அம்மையார் ரத்தக் குப்பிகளை மாற்றிவிட்டார், அதனால் நோயில்லாத என் பெண்குதிரை கொல்லப்பட்டது என்று அதில் சொல்லியிருந்தேன். அது பொய். பொய் என்று தெரிந்தேதான் எழுதினேன்.

2. அம்மையாரை எங்கள் லாயத்தில் 'ஊசி டாக்டரம்மா' என்போம். வெளியே தெரியாத நோய்கள் குதிரையின் உடம்பில் எப்படி ஒளிந்திருக்கின்றன என்பது அவருடைய ஆராய்ச்சி. மூன்று ஆண்டுகள், செவ்வாய்தோறும், ஸ்கூட்டரின் முன்னால் ஐஸ் பெட்டியை வைத்துக்கொண்டு வருவார். அந்தக் காலைகளை நினைத்தால் ஊறிய கொள்ளின் வாசனை இப்போதும் எனக்கு வருகிறது. ஸ்டெதாஸ்கோப்பை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கிய பிறகே குதிரையின் விலாவில் வைப்பார். ஒன்பது குதிரைகளுக்கும் காய்ச்சல் பார்த்து எழுதிவிட்டு, கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து என் மனைவி தரும் டீயைக் குடிப்பார். குதிரைகளைப் பற்றி அலுக்காமல் பேச எனக்கு ஓர் ஆள் வாய்த்தது அந்த மூன்று ஆண்டுகள்தான்.

3. மேற்படி பெண்குதிரையின் பெயர் சீமாட்டி. மற்றக் குதிரைகள் வாய் வைத்த தொட்டியில் தண்ணீர் குடிக்காது. தனி வாளி வேண்டும். அதனால் அந்தப் பெயர். மேலே சவாரி செய்பவர் பயந்தால் யாரும் சொல்லாமலே நின்றுவிடும்.

4. 2003 ஜூன் மாதம் சீமாட்டிக்கு மூக்கில் சளி வடிந்தது. அது கிளாண்டர்ஸாக இருக்கலாம் என்று எனக்குத் தெரியும். மனிதருக்கும் தொற்றும் நோய் அது. உறுதியானால் குதிரையைக் கொன்று புதைக்க வேண்டும் என்பது சட்டம். இதையெல்லாம் எனக்குச் சொல்லித் தந்ததே அம்மையார்தான். அவர் வருமுன் வெந்நீரும் உப்பும் கொண்டு மூக்கைக் கழுவிவிடுவேன். "அண்ணே, மூக்குல ஏதாவது வடிஞ்சுதா?" என்று கேட்டார். "அதெல்லாம் ஒண்ணுமில்ல டாக்டரம்மா" என்றேன். என் பேச்சை நம்பி அதே மூக்கை வெறுங்கையால் தடவிக் கொடுத்தார்.

5. ஜூலையில் ரத்தப் பரிசோதனை நோயை உறுதி செய்தது. இரண்டாம் பரிசோதனையும் அவர் எடுத்த அதே ரத்தத்தில்தான். தொற்றுக்கு அஞ்சி உடலைத் திறக்காமலே புதைத்தார்கள். அதனால் குப்பி மாறியது என்ற என் பொய்யை மறுக்க அவரிடம் வேறு சான்று இல்லாமல் போனது. கடைசி ஊசியின்போது நான் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். சீமாட்டியின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அவர்தான். அதன் பிறகு யார் மீதாவது கோபப்பட வேண்டியிருந்தது எனக்கு. விசாரணையிலும் மூக்கில் எதுவும் வடியவில்லை என்றே சாட்சி சொன்னேன். 'கவனக்குறைவு' என்று பதிவு செய்து அவரை மருந்துக் கிடங்குக்கு மாற்றினார்கள். ஆராய்ச்சி நின்றது. அதற்குப் பின் என் லாயத்துக்குச் செவ்வாய்க்கிழமை வந்ததே இல்லை.

6. தங்கள் நிலையம் புதிய கட்டடத்துக்கு மாறுவதையும் பழைய ஆவணங்கள் கழிக்கப்படுவதையும் அறிந்து சென்ற மாதம் ஆவண அறைக்கு வந்தேன். அவருடைய குறிப்பேடுகள் 'நம்பத்தகாதவை, கழிக்க' என்ற சீட்டுடன் கட்டப்பட்டிருந்தன. எழுத்தர் இரக்கப்பட்டு ஒன்றைப் பிரித்துக் காட்டினார். சீமாட்டியின் பக்கத்தில், தனி வாளியால்தான் மற்ற எட்டும் தப்பினவா என்று ஆராய வேண்டும் என அம்மையார் எழுதியிருந்தார். அதன் கீழே: 'உரிமையாளர் எதையோ மறைக்கிறார். குதிரை மேல் உயிரையே வைத்திருக்கிறார். பதமாகக் கேட்க வேண்டும்.'

7. வீட்டில் சொன்னேன். "புகார் எழுத ஒரு மணி நேரம், வாபஸ் வாங்க இருபது வருஷமா?" என்றாள் மனைவி. மறுநாளே அம்மையாரின் வீட்டைத் தேடிப் போனேன். இரண்டு அறை, மாடி வீடு. அவருக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் மேஜையிலிருந்து ஒரு பேனாவை எடுத்துக்கொண்டு, "எந்தப் பக்க மூக்கு அண்ணே? எத்தனை நாள் வடிஞ்சுது?" என்று கேட்டார். இடது பக்கம், பதினான்கு நாள் என்றேன். எழுதிக்கொண்டார். எனக்கு டீ கொடுத்துத்தான் அனுப்பினார்.

8. ஆகவே, அவருடைய பணிப்பதிவேட்டில் உள்ள 'கவனக்குறைவு' என்ற குறிப்பை நீக்கி, அதை அவருக்கு எழுத்து மூலம் தெரிவிக்கவும், என் வாக்குமூலத்தைச் சேர்த்துப் பதினொரு குறிப்பேடுகளையும் புதிய கட்டடத்தின் நூலகத்தில் வைக்கவும் வேண்டுகிறேன். பொய்ச் சாட்சிக்கு எனக்கு என்ன தண்டனை விதித்தாலும் மறுக்காமல் ஏற்பேன். குறிப்பேடுகளைத் தண்டிக்க வேண்டாம்.

தங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
(கையொப்பம்)
மனுதாரர்

இடம்: தண்ணீர்த் தொட்டித் தெரு
நாள்: 05.03.2024

இணைப்பு: சீமாட்டியின் நோய் அறிகுறிகள் பற்றிய என் வாக்குமூலம், இரண்டு பக்கங்கள்.