ஞாபகம் இல்லை என்றேன்

மார்ச் 4
கேமரா முன்னால் மரக்கிளை ஆடினால் சும்மா இருக்க வேண்டும். ஆள் நடந்தால் மட்டும் மணி அடிக்க வேண்டும். பதினொரு வருடத்துக்கு முன் அதற்கு வழி கண்டுபிடித்தோம். காப்புரிமையில் கண்டுபிடித்தவர் என்று என் ஒருத்தி பெயர்தான், உரிமை கம்பெனிக்கு. இன்று கம்பெனி சோடாபுட்டி மேல் வழக்குப் போட்டுவிட்டது. என்னோடு வேலை பார்த்த அந்தத் தடிக்கண்ணாடிக்காரன் இப்போது சொந்தமாகக் கேமரா செய்கிறான். நம் முறையைத் திருடிவிட்டானாம்.

மார்ச் 6
கண்டுபிடித்'தோம்' என்ன? அவன்தான். "கிளை போன எடத்துக்கே திரும்பி வரும். மனுஷன் போயிட்டே இருப்பான்" என்று டீக்கோப்பையை மேஜையில் நகர்த்திக் காட்டினான். நான் புரோகிராம் எழுதினேன், அவ்வளவுதான். அவன் வேலையை விட்ட வாரம் விண்ணப்பம் தயாரானது. "போறவன் பேரு எதுக்கு மேடம்?" என்றார் மேனேஜர். கையெழுத்துப் போட்டேன்.

ஜூன் 18
கம்பெனி வக்கீல்: "பொய் சொல்ல வேணாம். ஞாபகம் இல்லைன்னா போதும்."
வீட்டுக்காரரிடம் சொன்னேன். "உனக்கு ஞாபகம் இருக்கா, இல்லையா?" என்று கேட்டார். துணி மடிக்கப் போய்விட்டேன்.

ஜூலை 2
சாட்சி சொன்னேன். "யோசனையை முதல்ல சொன்னது யாரு?" என்று அவன் வக்கீல் கேட்டார். ஞாபகம் இல்லை. மூன்று தடவை. அவன் குனிந்தே இருந்தான்.

ஜூலை 3
சீ.

நவம்பர் 21
ஜெயித்துவிட்டோம். ஆபீசில் கேக் வெட்டினார்கள். அவன் பட்டறையை மூடுகிறானாம். ஆறு பேர் வேலை போச்சு. என் துண்டை மேஜையிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

நவம்பர் 29
அவன் வீட்டுக்குப் போனேன். அவன் இல்லை. மனைவிதான் கதவைத் திறந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். "அவர் உங்கள ஒரு வார்த்தை சொல்லலக்கா. பதினோரு வருஷமாச்சு, பாவம், நெஜமாவே மறந்துருப்பாங்கன்னுதான் சொன்னாரு."
ஐயோ. என்னடி பண்ணி வச்சிருக்கே நீ?

டிசம்பர் 1
அவன் வக்கீலிடம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். "பொய்ச்சாட்சின்னு உங்க மேலயே வழக்கு வரும், தெரியுமில்ல?" என்றார்.
தெரியும்.

டிசம்பர் 5
வேலை போனது. வீட்டுக்காரர் சோற்றைப் போட்டு முன்னால் வைத்தார்.

ஆகஸ்ட் 9
கண்டுபிடித்தவன் பெயரே இல்லாத காப்புரிமை செல்லாது என்று மேல்முறையீட்டில் தீர்ப்பு. என் மேல் பொய்ச்சாட்சி வழக்கு அடுத்த மாதம். கோர்ட் படியில் அவனே வந்து பேசினான்.
"நீ மறந்துட்டேன்னு நெனச்சிட்டு இருந்தப்ப, எனக்குக் கொஞ்சம் நிம்மதியா இருந்துச்சு" என்றான்.
சொல்லிவிட்டுப் படியிறங்கிவிட்டான். வேலை போன ஆறு பேரில் நாலு பேர் கீழே அவனுக்காகக் காத்திருந்தார்கள்.