முள் சிவப்பில் நின்றபோது

தென்காசி, ஆனி கடைசி ஞாயிறு, 1984

பேச்சியம்மாள் அக்காவின் வில்லுப்பாட்டு டேப் பாழ். சாமியை அழைக்கும் வரத்துப்பாட்டு முழுக்க ஒரே கரகரப்பு. நாளைக் காலையில் மதுரை கேசட் கம்பெனிக்காரர் வந்து கேட்பார். அவருக்குப் பிடித்தால்தான் கேசட். அதற்காகத்தான் குழு முழுவதும் சுரண்டையிலிருந்து நான் ஒலிப்பதிவு செய்யும் எங்கள் மாடியறைக்கு வந்தது.

ஒலி எவ்வளவு ஏறும் என்று பார்த்து லெவல் வைக்க வேண்டும், வரத்துப்பாட்டை உச்சக்குரலில் ஒருமுறை பாடிக் காட்டுங்கள் என்று முதலிலேயே கேட்டேன்.

"சோதனைக்கெல்லாம் சாமியக் கூப்பிடப்புடாது தம்பி," என்றார் அக்கா.

கதைப்பாட்டைக் கேட்டு லெவல் வைத்தேன். வரத்துப்பாட்டில் உடுக்கையும் குரலும் ஏற, மீட்டர் முள், ஒலி மிஞ்சிப் போனதைக் காட்டும் சிவப்பில் போய் ஒட்டிக்கொண்டது. குமிழைக் கொஞ்சம் திருகிக் குறைத்திருந்தால் போதும்.

முடிந்ததும் போட்டுக் கேட்டோம். மறுபடியும் பாடச் சொன்னேன்.

"வந்துட்டுப் போன சாமிய, டேப்பு சரியில்ல, திரும்ப வாரும்னு கூப்பிடச் சொல்லுதியளா?"

குடம் அடிக்கிற அண்ணாச்சி சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. வில்லை உறையில் போட்டுக் கட்டினார்.

ஏன் குறைக்கவில்லை என்று யாரும் கேட்கவில்லை. சாமியும் கிடையாது பூதமும் கிடையாது என்று ஊரெல்லாம் பேசுகிறவன் நான். முள் சிவப்பில் நின்ற அத்தனை நேரமும் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நின்றேன்.