கூர்க்கொட்டைக் காப்பி

9-1-79, செவ்வாய்

வெள்ளனே ஒரே மூடுபனி. பத்து மணிக்குத்தான் களத்துல வெயில். காப்பிப் பழம் காயப் போட்டாச்சு. மிளகு பறிக்க ஆள் சொல்லணும். மண்ணெண்ணெய் இல்ல. இவர் மப்ளர் நாறுது, துவைக்கணும்.

தம்பி கொண்டாந்து நட்ட குட்டைச் செடிக இந்த வருஷம்தான் மொதக் காய்ப்பு. தனியாப் பறிச்சு, காய வச்சு, உரல்ல குத்தி எடுத்தா ஒரு சின்னப் பை. கொட்டை ஒல்லி, முனை கூர். தூக்கத்தைக் கெடுக்கிற சரக்கு இதுல பிறவியிலேயே பாதிதானாம். நெஞ்சு படபடக்காதுங்கிறான். காப்பி ஆராய்ச்சிப் பண்ணையில வேலை பார்க்கிறவன், தெரியாமலா சொல்வான்?

டாக்டர் காப்பியை நிறுத்தி ஒரு வருஷமாச்சு. காப்பித் தோட்டத்துக்காரி மல்லித் தண்ணி குடிக்கிறா. என்ன பொழப்போ.

இவர்: "காய்ப்பே இல்லாத செடி. பொங்கல் கழிச்சுப் பிடுங்கிறலாம்." குடிச்சு, உடம்புக்கு ஒத்துக்கிட்டா, அப்புறம் பேசிக்கிறேன்.

11-1-79, வியாழன்

பொங்கச் சாமான் வாங்க வத்தலக்குண்டு. பஸ்ல நிக்கக்கூட எடமில்ல. கரும்பு, மஞ்சக்கொத்து, வெல்லம். ஏலக்காய் மறந்துட்டேன்.

போறப்ப கொட்டை பொறுக்கிற ராசாத்திகிட்ட பையைக் குடுத்து, சுத்தம் பண்ணி வையின்னேன். திரும்பி வந்தா பை காலி.

"அம்மா, அம்புட்டும் ஊனக் கொட்டைம்மா. ஒண்ணுகூடத் தேறல. கழிவுல தட்டிட்டோம்."

அடிப்பாவி! உருண்டையா இருந்தா வை, ஒல்லியா இருந்தா தள்ளுன்னு பழக்கி வச்ச கண்ணு. இருந்தாலும் நல்லாக் கத்திட்டேன். கழிவுச் சாக்கை அள்ள நாளன்னைக்கு வியாபாரி வந்துருவார். ராத்திரி சோறு எறங்கல.

12-1-79, வெள்ளி

சாக்கைக் கொட்டி நாள் பூராப் பொறுக்கல். கருப்பு, உடைசல், சூம்பல், அதுக்குள்ள என் கொட்டை. சூம்பலுக்கும் இதுக்கும் வித்தியாசம் பார்த்துக் கண்ணு எரியுது. ராசாத்தி தானா வந்து உக்காந்தா, கூலி வேண்டாம்னுட்டா. மொகத்தைப் பார்க்கல. நானும் பார்க்கல.

இவர் குறுக்க நெடுக்க நடக்கிறார். "ஒரு வாய்க் காப்பிக்கு இந்தப் பாடா? வேற சோலி இல்லையா?"

பொழுது சாய ரெண்டு கை அள்ளு தேறுச்சு. போதும்.

13-1-79, சனி

போகி. பனி இல்ல. வெள்ளனே தோட்டத்தாள் கருப்பையா மம்பட்டியோட: "அய்யா அந்தச் செடிகளை இன்னைக்கே பிடுங்கச் சொன்னாருங்கம்மா."

வந்துச்சே கோவம்! பொங்கல் கழிச்சுன்னீங்களேன்னு கேட்டேன். இவர் குரல் ஒடஞ்சு, "அன்னைக்கு நெஞ்சைப் பிடிச்சிட்டு நீ விழுந்தப்ப பக்கத்துல நின்னது நான்தான்டி. செடி நின்னா நீ குடிப்ப."

காய்ப்பு கீய்ப்பு எல்லாம் சாக்கு. இந்த மனுசனுக்குப் பயம்.

ஆனாலும் வறுத்தேன், அரைச்சேன், டிகாஷன் போட்டேன். இவர் கண்ணு முன்னாடியே குடிச்சேன். கசப்பு கம்மி. மணம்... ஒரு வருஷம் ஆச்சே.

என் மணிக்கட்டைப் பிடிச்சுக்கிட்டுக் கடிகாரத்தையே பார்த்துட்டு உக்காந்திருந்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்துல இம்புட்டு நேரம் கையைப் பிடிச்சதே இல்ல. படபடப்பு இல்ல. ஒண்ணுமில்ல.

வாசல்ல கருப்பையா. "அய்யா, பிடுங்கவா?"

"செடி கெடக்கட்டும், போய்யா."

கையை விடல.